அச்சுக்கூடத்திலிருந்து அரசாங்க சபைக்கு

அரசியலைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர்கள் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவது இப்பொழுது நாடெங்கும் காணும் காட்சியாகிவிட்டது. நேற்றுவரை மந்திரிகளைக் கேள்வி கேட்டவர் இன்று தம்மையே மந்திரியாக்குமாறு கேட்கின்றார். "எழுதத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியுமா?" என்று ஒரு சாரார் நகைக்கின்றனர். "பேசுவதற்கேனும் ஒருவர் வேண்டாமா?" என்று மற்றொரு சாரார் வாதாடுகின்றனர். இரு சாராரும் இது ஏதோ புதிதாகத் தோன்றிய விந்தை என்றே எண்ணுகின்றனர். மலைநாட்டு மக்களுக்கு இது புதிதன்று. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே அவர்களிடையே ஒரு பத்திரிகைக்காரர் தோன்றினார், சட்டசபை ஏறினார், அட்டன் தொகுதியின் பிரதிநிதியாகப் பதினோராண்டுகள் அமர்ந்திருந்தார், பின்னர் அதே மக்களால் கைவிடப்பட்டார். கோ. நடேசய்யரின் வரலாற்றை அறிந்தவர்கள், எழுதுகிறவன் ஆளலாமா என்ற கேள்வியை இவ்வளவு எளிதாகக் கேட்கவுமாட்டார்கள், இவ்வளவு எளிதாக விடை சொல்லவுமாட்டார்கள்.

அந்நாளில் ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பற்றி உண்மையை எழுதுவதற்கு முதலில் அதனுள் நுழைய வேண்டும். நுழைவதே குற்றமாயிருந்தது. தோட்டம் கம்பனியின் சொத்து. பாதை கம்பனியின் பாதை. லயமும் கம்பனியின் லயம். துரையின் அனுமதியின்றி உள்ளே காலடி வைத்தவர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். தந்தையைக் காண வந்த மகனாயினும், சங்கம் பேச வந்தவனாயினும், சட்டத்தின் கண்ணுக்கு அந்நியனே. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த நடேசய்யர் இந்த வேலியைக் கடப்பதற்குக் கண்ட வழியை மலைநாடு இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும். புடவை விற்கும் வியாபாரியாக வேடம் பூண்டு, மூட்டையைத் தோளில் சுமந்து, லயம் லயமாக ஏறி இறங்கினார். துணி வியாபாரியை எந்தக் கங்காணியும் மறிப்பதில்லை. சம்பளத்துக்கும் கடனுக்கும் இடையே ஒரு குடும்பம் எவ்வாறு பிழைக்கின்றது என்பதைப் புடவைக்கு விலை பேசும் பெண்ணைவிடத் தெளிவாக வேறெந்த ஆணைக்குழுவும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

அவர் கண்டது என்ன? தலைக்காசு வாங்கும் பெரிய கங்காணி. செக்ரோலில் பெயர் பதியும் கணக்கப்பிள்ளை. பொழுது புலருமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடும் ஆணும் பெண்ணும். பத்தடி அறையில் ஒரு குடும்பம். இவற்றோடு துண்டு என்ற கொடுமையும் இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவனை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்திலிருந்து எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. மனிதனை நேராக விற்கவில்லை. கடனை விற்றார்கள், மனிதன் கூடவே போனான். துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. கடன் ஒழியவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையை நடேசய்யர் நடத்தினார். 1924இல் 'தேசபக்தன்' தோன்றிற்று. தோட்டத்திலே பத்திரிகை படிப்பது என்றால் கேட்பது என்று பொருள். எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து வாசிப்பார்; வரிசையிலுள்ளோர் கேட்பர். ஒரு பிரதியை எத்தனை கண்கள் படித்தன என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை செவிகள் கேட்டன என்றே எண்ண வேண்டும். அவ்வாறு கேட்டவர்கள் முதன்முறையாக ஒன்றை அறிந்தார்கள். தம் தோட்டத்தில் நடக்கும் அநியாயம் அடுத்த மலையிலும் நடக்கின்றது. அதைச் செய்கிறவனுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை அச்சிலும் போடலாம்! தனித்தனிக் குறையை ஊர்க்குறையாக்கிக் காட்டியதே பத்திரிகை செய்த முதல் வேலை. சங்கம் அதற்குப் பின்னர் வந்தது. வாக்கு அதற்கும் பின்னர் வந்தது.

இப்பணியில் அவர் தனியாக நிற்கவில்லை. அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் பத்திரிகை வேலையிலும் மேடையிலும் சரிபாதி பங்கு கொண்டவர். எழுத்தறியாத கூட்டத்துக்குக் கட்டுரை எட்டாது என்பதை அந்த அம்மையார் கணவரைவிட நன்கு உணர்ந்திருந்தார் போலும். மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி, மேடையில் தாமே பாடி, சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவருடைய பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் வாயில் ஏறிய பாட்டைத் துரை பறிமுதல் செய்ய முடியாது. இவ்விருவரும் எழுதியவற்றைத் தேடித் தொகுத்துத் தந்த சாரல்நாடனுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அவர் முயன்றிராவிடில் இந்த வரலாற்றில் பாதி செல்லரித்துப் போயிருக்கும்.

1925இல் நடந்த இடைத்தேர்தலில் நடேசய்யர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். யாருக்காக அவர் எழுதினாரோ அவர்கள் அவருக்கு வாக்களிக்கவில்லை; அவர்களுக்கு வாக்கே இல்லை. வருமானமும் எழுத்தறிவும் உடையோருக்கே அன்று வாக்குரிமை. ஆதலால் வியாபாரிகளும் எழுதுவினைஞரும் வசதி படைத்த பிறருமே அவரை அனுப்பினர். கொழுந்துக் கூடை சுமந்தவள் வெளியே நிற்க, அவள் பெயரால் ஒருவர் உள்ளே சென்றார். தம்மைத் தெரிவு செய்தவர்களின் நலனுக்கும் தாம் பேச வந்தவர்களின் நலனுக்கும் இடையே அகப்பட்ட மனிதர் எளிதில் வழுக்கி விழக்கூடும். கடைக்காரரின் வாக்கைப் பெற்று, கடைக்காரரிடம் கடன்பட்ட கூலியாளுக்காகப் பேசுவது இலேசான காரியமன்று. அவரைப் பிடிக்காத இந்தியச் செல்வர் பலர் இருந்தனர் என்பதே, அவர் பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதற்குச் சான்று.

சபைக்குள் அவர் கற்ற பாடம் யாது? பத்திரிகையில் ஒரு பொய்யை வெளிப்படுத்தினால் அன்றைய வேலை முடிந்தது. சபையிலே பொய்யை வெளிப்படுத்திய பிறகும் வாக்கெடுப்பு நடக்கும், பொய்யே வெல்லும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இதற்கு உதாரணம். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலாலும் தொழிலாளர் நிலைபற்றி எழுந்த கூக்குரலாலும் அச்சட்டம் வந்தது. சம்பளத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது பெரிய காரியமே. ஆயின் அதன்படி மலைநாட்டில் நிர்ணயமான நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. சம்பளத்தில் மட்டும் 11 சதம் குறைவு. இத்தொகை போதாது என்று நடேசய்யர் வாதாடினார். தோட்டக்காரர் சங்கத்தின் கணக்குகளுக்கு எதிராகத் தாம் லயங்களில் சேர்த்த கணக்குகளை வைத்தார். வெல்லவில்லை. சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், அந்தச் சொற்பச் சம்பளத்தையும் குறைத்தார்கள்.

எழுதிக்கொண்டே இருந்திருந்தால் இந்தத் தோல்வி அவருக்கு இல்லை, வெளியிலிருந்து திட்டியிருப்பார். உள்ளே போனதனால் தோற்றார். அந்தத் தோல்வி பதிவேட்டிலே இருக்கின்றது. யார் எப்படி வாக்களித்தார், எவர் என்ன பேசினார் என்பதும் இருக்கின்றது. வெளியிலிருந்து எழுதிய எந்தத் தலையங்கத்தாலும் அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தி ஒரு புள்ளிவிபரத்தை வெளியிடச் செய்ய முடியாது. சபை அங்கத்தவர் ஒருவரின் கேள்வி அதைச் செய்யும். எழுத்தாளன் சபைக்குப் போவதில் நாம் காணும் முதற் பயன் இதுதான்: கேட்கத் தெரிந்தவன், விடை சொல்லியே தீர வேண்டிய இடத்தில் நின்று கேட்கின்றான். (பத்திரிகைக்காரராகிய நாம் இவ்விஷயத்தில் முற்றிலும் நடுநிலையாளர் அல்லர் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.)

1931ஆம் ஆண்டு இரண்டு காரியங்களால் சிறப்புடையது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தர வாசம், குடியேற்றச் சான்று என்ற வேலிகளைப் போட்டார்கள். எனினும் கணிசமானோர் அவ்வேலியைத் தாண்டி வாக்காளராயினர். அதே ஆண்டில் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதற்கு முன்னர் அவர் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் முக்கிய இடம் வகித்தவர். கொழும்புத் துறைமுகத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியதும், தொழிலாளரின் எதிரி முதலாளியா, இந்தியத் தொழிலாளியா என்ற கேள்வி எழுந்தது. குணசிங்கா இரண்டாவது விடையின் பக்கம் சாய்ந்தார். நடேசய்யர் விலகினார். இலங்கைத் தொழிலாளர் இயக்கம் இன்றுவரை முழுமையாக ஆறாத புண் ஒன்று அன்று உண்டாயிற்று. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அட்டன் தொகுதிக்கு 1931இல் போட்டியின்றித் தெரிவானவர் பெரி சுந்தரம். மலைநாட்டில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்ற வழக்கறிஞர், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனவர். மலைநாட்டுத் தமிழன் ஒருவன் மந்திரியானது அந்நாளில் சாதாரண காரியமா? ஆயினும் 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் மக்கள் அந்த ஆசனத்தில் நடேசய்யரை அமர்த்தினார்கள். கனவான் ஒருவரை விட்டுத் துண்டுப் பிரசுரக்காரர் ஒருவரைத் தேர்ந்தார்கள். பெரி சுந்தரத்தின் தகுதியில் குறை கண்டு அவ்வாறு செய்தார்கள் என்று நாம் கருதவில்லை. தமக்காகப் பேசும் பெரியவரைவிடத் தம்மோடு பேசிப் பழகியவரை அவர்கள் விரும்பினார்கள். பதினைந்தாண்டுக் காலம் விளக்கடியில் வாசிக்கக் கேட்ட குரல் அது. இம்முறை வாக்களித்தவர்கள் பெரும்பாலும் அக்குரலைக் கேட்டவர்களே. 1925இல் இருந்த வேடிக்கை 1936இல் நீங்கிற்று.

இங்கிலாந்தின் வரலாற்றில் வில்லியம் கொபெட் என்றொருவர் உண்டு. விவசாயி மகன், தந்தையிடம் எழுதப் படிக்கக் கற்றவர். 1802இல் அரசியற் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை வரி ஏழைகளுக்கு எட்டாத விலையை உண்டாக்கவே, 1816இல் வரிக்கு அகப்படாத ஒற்றைத் தாளாக இரண்டு பென்சுக்கு விற்றார். ஆளும் வர்க்கத்தார் அதை இரண்டு பென்சுக் குப்பை என்று ஏளனம் செய்தனர். அவர் அந்தப் பெயரையே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். குடிசைகளிலும் சாராயக் கடைகளிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். சிறையும் சென்றார், கடலும் கடந்தார். 1832இல் சீர்திருத்தச் சட்டம் வந்தபின் ஓல்டாம் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. மூன்றாண்டில் இறந்துபோனார். பாராளுமன்றத்தில் அவர் சாதித்தது சொற்பம் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். ஆயின் அவரை உள்ளே விட்ட சீர்திருத்தத்துக்கு அவருடைய ஒற்றைத் தாள்களும் காரணம் என்பதை அவர்களே மறுப்பதில்லை.

தமிழ்நாட்டு உதாரணம் நம் வாசகர் அனைவரும் அறிந்ததே. 'திராவிட நாடு' வார இதழை 1942இல் தொடங்கிய அண்ணாதுரை, 1957இல் காஞ்சிபுரத்தில் வென்று, 1962இல் அதே ஊரில் தோற்று, 1967இல் முதலமைச்சரானார். அவருடைய கட்சியே வாசகர் கூட்டமாகப் பிறந்து வாக்காளர் கூட்டமாக வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மீண்டும் அட்டனுக்கு வருவோம். நடேசய்யரின் குறைகளையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது நினைவஞ்சலியாகிவிடும். எழுத்தாளர் பலருக்குள்ள குணம் அவருக்கும் இருந்தது: தம் குரலுக்குப் பக்கத்தில் மற்றொரு குரல் ஒலிப்பதை அவர் எளிதில் சகித்தவரல்லர். தொடங்கிய பத்திரிகைகளும் பல, நின்றவையும் பல. 'தேசபக்தன்' 1929க்கு மேல் நீடிக்கவில்லை. சம்மேளனம் தோட்டம்தோறும் வேரூன்றிய அமைப்பாக வளருமுன்னரே தோட்டக்காரரின் எதிர்ப்பாலும் மந்தத்தாலும் மெலிந்தது. பத்திரிகைக்கு ஆசிரியர் ஒருவர் போதும். சங்கத்துக்குத் தோட்டத்துக்கொரு தலைவர் வேண்டும், மாதந்தோறும் சந்தா வேண்டும், துரை தலைவரை வேலை நீக்கினால் அவர் குடும்பத்துக்குச் சோறு வேண்டும். 1939இல் நேருவின் வருகையையடுத்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் பிறந்தது. தோட்டக் கமிட்டிகள் எழுந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானான். மலைநாட்டின் அரசியல் அதன்பின் முன்போல் இருக்கவில்லை. அந்தப் புதிய வெள்ளத்துக்கு நடேசய்யர் வெளியே நின்றார்.

இன்னொன்று. யுத்தத்தின் காரணமாக 1936இல் கூடிய அரசாங்க சபை 1947வரை நீண்டது. பதினோராண்டுகள் அட்டனின் பிரதிநிதி வாக்காளரிடம் திரும்பிப் போக வேண்டிய அவசியமே எழவில்லை. வாரந்தோறும் வாசகனுக்கு விடை சொல்லிப் பழகிய ஒருவருக்குப் பதினோராண்டு ஓய்வு நல்லதன்று, எவருக்குமே நல்லதன்று. 1947 பொதுத்தேர்தலில் மக்கள் காங்கிரஸ் பக்கம் நின்றனர். நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு முடியுமுன் மறைந்தார்.

காங்கிரசின் சார்பில் அத்தேர்தலில் வென்றவர் எழுவர். தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடைக்கருகே மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், ஆசிரியர், கவிஞர், பத்திரிகையாளர். நடேசய்யர் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வேடமணிந்து உள்ளே வந்தார். வேலுப்பிள்ளைக்கு வேடம் தேவைப்படவில்லை. அவர் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே, கண்ணெதிரே, அவரை அனுப்பிய மக்களிடமிருந்து நாடும் வாக்கும் பறிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களுக்கும் உரியவர்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர். சத்தியாக்கிரகம் செய்தார்கள், அரசாங்கம் அசையவில்லை.

ஆசனம் போன வேலுப்பிள்ளை எழுத்துக்குத் திரும்பினார். 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை நூல் வந்தது. 'வீடற்றவன்' நாவலை எழுதினார். தோட்டத்து மக்களின் பாட்டுகளை வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தார். அத்தொகுதி அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், 1983இல் நூலாயிற்று. வாக்குரிமை இல்லாத மக்களுக்குப் பிரதிநிதியாக வேறெவ்வழியில் இருப்பது? பாராளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சுகளை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. அவர் சேர்த்து வைத்த பாட்டுகளைப் பாடசாலைப் பிள்ளைகள் அறிவார்கள்.

எழுதுகிறவன் சபைக்குப் போகலாமா என்ற விவாதத்தில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒன்றை இந்த வரலாறு நினைவூட்டுகின்றது. பிரதிநிதியின் திறமையைப் பற்றிப் பேசுகிறோம். அவரைப் பிரதிநிதியாக்கும் மக்களின் உரிமை எவ்வளவு உறுதியானது என்று பார்ப்பதில்லை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்து 9,75,000 மக்களைப் பங்கிட்டன: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சபையில் அவர்கள் தெரிவு செய்த அங்கத்தவரும் இல்லை. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. உள்ளூராட்சியில் இதைவிட மந்தம். கிராமக் கமிட்டி வாக்குரிமையிலிருந்து தோட்ட இந்தியரை விலக்கும் முயற்சி 1937இல் நடந்தது. வாக்குரிமை வந்த பிறகும், தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் தடையின்றிப் பணம் செலவிடுவதற்கு 2018இல் ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது! தெருவிளக்கு ஒன்றுக்காக மலைநாட்டான் காத்திருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள்.

இன்றைய நிலை வேறு. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றனர். மலையகப் பெண்கள் வாக்குப் பெற்று அச்சபைக்குச் சென்றது அதுவே முதன்முறை. மேடையில் பாடிய மீனாட்சி அம்மாளுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. அவர் பாடிய பெண்களின் பேத்திகளுக்குக் கிடைத்திருக்கின்றது. எந்தக் கட்சியின் பெயரால் சென்றார்கள் என்பது பற்றி நம் வாசகரிடையே கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். சென்றது நன்று.

ஆனால் பழைய மூட்டையைச் சுமந்து லயம் லயமாக ஏறியவர் செய்த வேலையை இன்று யார் செய்கின்றார்கள்? நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்றார்கள். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானியில் வந்தது. வர்த்தமானித் தொகை முழுதாகக் கைக்கு வந்து சேரும் நாட்கள் மாதத்தில் எத்தனை? நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டங்கள் எவை? 7 பேர்ச் காணி என்ற வாக்குறுதியின்படி உறுதிப் பத்திரம் கையில் வாங்கிய குடும்பங்கள் எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை? 2017 மே மாதத்தில் நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தாரே, அவற்றில் கூரை ஏறியவை எத்தனை? இவை எதிர்க்கட்சிக் கேள்விகள் அல்ல. ஆளுங்கட்சிக் கேள்விகளும் அல்ல. பிரதிநிதி ஒருவர் ஒரு மாத காலம் நடந்தால் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிடக்கூடிய விடைகள்.

தோட்டங்களில் பிறந்து படித்து முன்னேறிய வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் ஆசிரியரும் இன்று கொழும்பிலும் கண்டியிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கும் கரட்டும் பயிரிடும் நம் விவசாயிகளுக்கும் இதே பிரதிநிதிகள்தாம். உர விலையும் சந்தை விலையும் அவர்களைப் படுத்தும் பாடும் இதே சபையில்தான் பேசப்பட வேண்டும். படித்தவர்களுக்கு நாம் சொல்வது: உங்களுள் எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள், நிற்கத் தெரிந்தவர் நில்லுங்கள், இரண்டும் தெரிந்தவர் ஒன்றுக்காக மற்றதைக் கைவிடாதீர்கள். எழுத்தால் வென்றவர் ஆசனம் கிடைத்தவுடன் எழுத்தை உதவியாளரிடம் ஒப்படைத்து, பொன்னாடை போர்த்திய படங்களை மட்டும் வெளியிடத் தொடங்குகின்றார். அவ்வாறாயின் மக்கள் இழப்பது இரண்டு: நல்ல பத்திரிகையாளன் ஒருவன் போனான், நல்ல அங்கத்தவனும் வரவில்லை.

ஆகவே மலைநாட்டின் பாராளுமன்ற அங்கத்தவர்கள் அனைவரிடமும், கட்சி பேதமின்றி, நாம் கேட்பது ஒன்று. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன்னர், தமிழில், எட்டுப் பக்கத்துக்கு மேற்படாத சிறு அறிக்கை ஒன்றை ஒவ்வொருவரும் அச்சிட்டு வெளியிடட்டும். எத்தனை தோட்டங்களுக்குச் சென்றோம், அங்கே என்ன கண்டோம், சபையில் எத்தனை கேள்வி கேட்டோம், என்ன விடை பெற்றோம், எந்தப் பிரேரணைக்கு எப்படி வாக்களித்தோம், சம்பளமும் காணியும் வீடும் பற்றிய கணக்கு யாது என்று அதில் எழுதட்டும். தோட்டத்துக்கு ஐம்பது பிரதிகள் போதும். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பர். அவ்வறிக்கை எம் அலுவலகத்துக்கு வந்தால் ஒரு சொல்லும் குறைக்காமல் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். அதைப் படித்துத் தோட்டத்திலிருந்து வரும் மறுப்புகளையும் அவ்வாறே வெளியிடுவோம்.